இருபத்தைந்தாவது பறவை

“டீச்சர் கேட்டா நீங்களும் பாத்தேன்னு சொல்லணும் மாமா,” என்றேன். வெண்புருவச் சோலைச்சிட்டின் படம் இருந்த பக்கத்தை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். “ஓடைக்கிட்ட. மத்தியானம். இதுதான்.”

மாமா ரொட்டித் துண்டை மென்றபடி படத்தைப் பார்த்தார். “இதானே? சொல்லிட்டாப் போச்சு.”

மாமா என் அக்காவின் கணவர். சரக்கு லாரி ஓட்டுகிறார். மலைப்பாதையில் கார் ஓட்ட எனக்குப் பயம் என்பதால் அக்கா அவரைத் துணைக்கு அனுப்பியிருந்தாள். காக்கையையும் கரிக்குருவியையும் பிரித்துச் சொல்லத் தெரியாத அவர்தான் என் ஒரே சாட்சி.

எங்கள் பறவை நோக்கும் மாலை வகுப்பின் விதி அப்படி. ஆண்டு முடிவில் ஒருநாள் மலைக்குப் போய் இருபத்தைந்து வகைப் பறவைகளைப் பார்த்து எழுதினால்தான் பறவைக் கணக்கெடுப்புக் குழுவில் இடம். அரிய பறவை என்றால் கூட இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும். போன வருடம் நான் இருபத்து நாலில் நின்றேன். இந்த வருடமும் இருபத்து நாலு. மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

என் உழைப்பில் குறை சொல்ல முடியாது. குறிப்பேட்டில் நேரம், மேகம், காற்று, வெளிச்சம், என் மனநிலை என்று ஒன்பது கட்டங்கள் போட்டிருக்கிறேன். ஒரு மைனாவை நான் எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் மூன்று பறவைகளைப் பார்த்துவிடுகிறார்கள்.

மாமாவும் சும்மா இருக்கவில்லை. காலையில் தோளைத் தட்டி, தூரத்து மரத்தில் ஒரு வெள்ளைப் பறவையைக் காட்டினார். இருபது நிமிடம் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் பை. அதையும் நேரத்தோடு எழுதி, பிறகு அடித்தேன்.

மத்தியானம் ஓடைக்கரையில் ஒரு மீன்கொத்திக்குரிய கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது முழங்கையால் இடித்தார். நிமிராமலே கையை உயர்த்தினேன். “காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எழுதறேன் மாமா, கொஞ்சம் சும்மா இருங்க.” இன்னொரு தடவை இடித்தார். அதற்கப்புறம் ரொட்டிப் பொட்டலம் பிரிக்கும் சத்தம்தான் கேட்டது.

நாலு மணிக்கு, இறங்கும் வழியில், மாமாவிடம் படத்தைக் காட்டிய கையோடு ஒரு பாறையில் உட்கார்ந்து என் முதல் பொய்க் குறிப்பை எழுதினேன். பொய்தானே என்று எந்தக் கட்டத்தையும் காலியாக விடவில்லை. மனநிலை: அமைதி.

கார்கள் நின்ற இடத்தில் ஆசிரியை ஒவ்வொருவர் பட்டியலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். “சோலைச்சிட்டா? எப்படி இருந்துச்சு?”

புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன். வெள்ளைப் புருவம், செங்கல் நிற மார்பு, நீளம் பதிமூன்று சென்டிமீட்டர்.

“பிடிச்சு அளந்தீங்களா?” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் மாமா பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். அது என்ன பண்ணுச்சு?”

படத்தில் அது எதுவுமே பண்ணவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தது.

“ஒரு கல்லு மேல வந்து உக்காந்துச்சுங்க,” என்றார் மாமா. “உக்காந்ததும் வால இடது பக்கமா விரிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டுச்சு. ஒரு பூச்சியப் புடிச்சுது. உடனே முழுங்கல. கல்லுல தட்டித் தட்டி, றெக்கைய உதுத்துட்டுத்தான் தின்னுச்சு. எங்க சின்னவன் ரொட்டி ஓரத்தப் பிச்சுப் போட்டுட்டுத் திம்பான், அந்த மாதிரி.”

ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருபத்தைந்துக்கு நேரே ஒரு சரி போட்டார். “அடுத்த மாசம் குழுவோட வந்துடுங்க,” என்றார் என்னிடம்.

காரில் ஏறி ஐந்தாறு வளைவுகள் இறங்கினோம். மாமாவுக்குப் பொய்யே வராது என்று அக்கா அடிக்கடி பெருமையாகச் சொல்வாள். பாவம், பத்து வருடம் குடும்பம் நடத்தியும் அவளுக்கு ஆள் தெரியவில்லை.

“எப்படி மாமா?” என்றேன். “அந்த வாலு, பூச்சி றெக்கை, இதெல்லாம் நின்ன நிலையில எப்படித் தோணுச்சு? நானா இருந்தா உளறிக் கொட்டியிருப்பேன். என் பொய்ய நீங்கதான் காப்பாத்துனீங்க.”

மாமா காரை ஓரங்கட்டி நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப நீ அதப் பாக்கலையா மாப்ள?”