ஈரப் புல்லில் ஒரு சண்டை

“சாகணுமா? தாராளமா சாவு! எனக்கென்ன வந்தது, விக்ரம்தா!”

கொல்கத்தாவில் டாக்குரியாவின் அந்தக் குடியிருப்பு மொத்தமும் காலை டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும்படி, வங்காள மொழியில் கத்தினாள் எதிர் ஃபிளாட் மது. எதிரே ஈரப் புல்லில் வெறுங்காலோடு, புல் வெட்டும் மிஷினைப் பிடித்தபடி நின்றான் விக்ரம். அவன் அம்மா பூங்கோதை சமையலறை ஜன்னலுக்கு வந்து சேர்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

கத்தியதோடு மது விடவில்லை. விறுவிறுவென்று அவன் வீட்டு வராந்தாவில் ஏறி, அங்கங்கே டேப் சுற்றியிருந்த ஒயரை பிளக்கோடு பிடுங்கி எறிந்தாள். “ராத்திரி பூரா மழை. கால்ல செருப்புகூட இல்ல. ஈரத்துல கரண்ட் மிஷினை ஓட்டுறியே, மூளைன்னு ஒண்ணு இருக்கா?”

விக்ரம் சமர்த்தாக மிஷினைக் கவிழ்த்து, பிளேடில் துவையல் மாதிரி அப்பியிருந்த புல்லைச் சுரண்டினான். சாம்பாரில் உப்பு கூடினால் வீட்டையே இரண்டாக்குகிற பிள்ளை அவன். மது மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் ஃபிளாட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“என்னலே, உன்னைச் சாகச் சொல்லிட்டுப் போறா. நீ புல்லைச் சொரண்டிக்கிட்டு நிக்க?” என்றாள் பூங்கோதை, ஜன்னல் வழியாக.

“நீதானம்மா இன்னிக்கே வெட்டணும்னு நின்ன?”

“பின்ன? நாளைக்குப் பூர்ணிமா வீட்டுக்காரங்க விருதுநகர்லேர்ந்து வாராங்க. புல்லு இப்படி வளந்து கெடந்தா, மாப்பிள்ள வீடா மாட்டுத் தொழுவமான்னு கேக்க மாட்டாங்களா?”

“அம்மா, அந்த விஷயமா உங்கிட்ட ஒண்ணு பேசணும்.”

“எல்லாம் சாயங்காலம் பேசிக்கலாம். வெயில் வந்ததும் மிச்சத்தை வெட்டு.”

பூங்கோதைக்கு வாழ்க்கையில் ஒரே பயம்தான். மாடி வீட்டுத் தமிழரசன் மகன் ஒரு வங்காளிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பக்கத்துக் கட்டட ஸ்ரீனிவாசராகவன் வீட்டிலும் அதே கதை. தனக்காவது தமிழ் மருமகள் வரவேண்டும், வந்தவளோடு சண்டை போட்டாலும் வாய் நிறையத் தமிழில் போடவேண்டும் என்று பூங்கோதை வேண்டாத சாமி இல்லை.

அதனால்தான் ஜாதவ்பூரில் வேலை பார்க்கும் மதுவின் மேல் எப்போதும் அவளுக்கு ஒரு கண். இன்றைக்கு அந்தக் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டாள். இரண்டும் கீரியும் பாம்புமாக நிற்கின்றன, இதில் காதலாவது கத்திரிக்காயாவது!

போதாததற்கு அந்தப் பெண் வாய்க்கு வாய் ‘விக்ரம்தா, விக்ரம்தா’ என்கிறாள். ‘தா’ என்றால் தாதா, தாதா என்றால் அண்ணன். இந்த ஊருக்கு வந்து இந்த அளவு வங்காளம்கூடத் தெரியாமலா இருக்கும் பூங்கோதைக்கு?

அண்ணன் என்றதும்தான் இன்னொரு யோசனையும் வந்தது. தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால், மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள்தான் போடவேண்டும். பூங்கோதைக்குப் பெண் இல்லை. வாய் நிறைய அண்ணன் என்பவள் எதிர் ஃபிளாட்டிலேயே இருக்கும்போது, ஊரிலிருந்து ஒன்றுவிட்ட கொழுந்தனார் மகளை எதற்குத் தாங்கித் தாங்கி அழைக்கவேண்டும்?

சூடாகக் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு எதிர் ஃபிளாட்டுக்குப் போனாள். மதுவின் அம்மா ஷிப்ராதான் கதவைத் திறந்தாள். கணவருக்குச் சென்னையில் வேலை இருந்த காலத்தில் தமிழ் கற்றவள் ஷிப்ரா. பாதி புரியும், மீதியைச் சிரித்தே நிரப்பிவிடுவாள்.

“விக்ரமுக்கு தை மாசம் கல்யாணத்தை வெச்சிரலாம்னு இருக்கேன்” என்று உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள் பூங்கோதை. “மது இல்லாம அது நடக்காது. தாலி முடிச்சுக்கு மதுதான் வேணும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

ஷிப்ராவின் டீக் கோப்பை வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது. “தாலிக்கா? எங்க மதுவா?”

“வேற யாரு? விக்ரம்கிட்ட அவளுக்கு இல்லாத உரிமையா?”

“தீதி, உங்களுக்குக் கோபம் ஒண்ணும் இல்லியே? பசங்களுக்கு உங்ககிட்ட ரொம்ப பயம்.”

“காலையில போட்ட சண்டைக்கா?” பூங்கோதை பெருந்தன்மையாகக் கையை வீசினாள். “ஈரத்துல வெட்டாதன்னு நல்லதுக்குத்தானே சொல்லுச்சு பிள்ள! நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கிறவ இல்ல.”

ஷிப்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. டீக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, பூங்கோதையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வந்தவளுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே, உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தன் கணவரைக் குரல் கொடுத்து அழைத்தாள்:

“தீபங்கர்தா, ஓடி வாங்க! சம்பந்தியம்மா வந்திருக்காங்க!”