கட்டிலா, நாற்காலியா

“கட்டில்லயே இருக்கீயளா, நாற்காலில உக்கார வைக்கட்டுமாக்கா?”

கனி சாதாரணமாகத்தான் கேட்டாள். தினமும் கேட்பதுதான்.

பல வீடுகள் சேர்ந்த அந்த வளவின் வாசலில் மினி லாரி நின்றது. கனி வீட்டு பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ‘பாத்து, பாத்து’ என்று அவள் புருஷன் கத்துவது உள்ளே வரைக்கும் கேட்டது.

கட்டிலில் கிடந்தவள் இரண்டையும் எடைபோட்டாள்.

கட்டில் என்றால் உடம்பை நீட்டிக் கிடக்கலாம். ஆனால் கிடந்த கிடைதான். குடிதண்ணீர் எட்டாது. அடுப்பு எட்டாது. யாராவது தட்டினால் கதவைத் திறக்க முடியாது.

நாற்காலி என்றால் சக்கரத்தை உருட்டிப் போகலாம், எல்லாம் எட்டும். படுக்க மட்டும் முடியாது. விடிய விடிய உட்கார்ந்தால் புண் வந்துவிடும். போன முறை வந்த புண் ஆற ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

கனி எதில் வைத்துவிட்டுப் போகிறாளோ அதில்தான் இருக்க வேண்டும், அடுத்த ஆள் வரும்வரை.

அடுத்த ஆள் யாரென்று இரண்டு பேருக்குமே தெரியாது.

“நாற்காலி” என்றாள்.

கனி குனிந்தாள். அக்குளுக்குள் கைகளைக் கொடுத்துக் கோத்தாள். தன் முட்டியால் அவள் முட்டிகளை அணைத்துக்கொண்டாள். ஒரு மூச்சு. ஒரே தூக்கு. அந்த ஒரு நொடி இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள்.

அவளுக்கு நிற்பதென்றால் அந்த ஒரு நொடிதான்.

கனி இன்று சற்றுக் கூடுதலாகப் பிடித்திருந்தாள். பிறகு இறக்கினாள்.

பஸ் கவிழ்ந்ததில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அம்மா இருந்தவரை அம்மா. அம்மாவின் காரியம் முடிந்த அன்று ஓசூரிலிருந்து வந்த தம்பி ஒரு ஹோம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். நல்ல இடமாம். வாசலில் தோட்டமாம்.

அவள் மாட்டேன் என்றாள். போனிலேயே சேலை விற்றுத் தன் சோற்றைத் தானே பார்த்துக்கொள்கிறவள். என் வீட்டில் நான் இருந்துகொள்கிறேன் என்றாள்.

அன்று வளவே திரண்டு வாசலில் நின்றது. நாங்க இருக்கோம், நீங்க கவலப்படாமப் போங்க தம்பி என்றது.

இருக்கவும் செய்தார்கள். ரோசம்மா குளிப்பாட்டினாள். டெய்லர் வீட்டுச் சோற்றில் அவளுக்கும் ஒரு பங்கு வந்தது. தூக்கிவிடக் கனியும் அவள் புருஷனும்.

ரோசம்மா மகளோடு போய்விட்டாள். டெய்லர் வீட்டம்மாவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக எல்லாம் கனியின் கைக்கு வந்தன. இப்போது கனியின் புருஷனுக்குத் திருப்பூரில் வேலை.

யார்மேலும் குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மாற்றுத்திறனாளிகள் உதவி மையத்துப் பெண் போனில் தன்மையாகத்தான் பேசினாள். வீட்டுக்கு வந்து தூக்கிவிடுகிறவள் இந்தப் பக்கத்துக்கே ஒருத்திதானாம். அவள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாளாம். ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

கனியும் வளவில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் பாவம் என்றார்கள். எதிர்வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. புதுசாகக் குடிவந்தவர்கள், புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறவர்கள்.

கனி தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பிக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். மூத்திரப் பையை மாற்றினாள். போன் சார்ஜரைச் செருகி வயரை நாற்காலிப் பக்கம் இழுத்துவிட்டாள். செய்ய வேறு ஒன்றும் இல்லாமல் போனபோது முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“அப்ப வரட்டாக்கா?”

“போயிட்டு வா. பிள்ளைய பஸ்ல ஜன்னலோரம் விடாத.”

லாரி திரும்பும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மதியம் நாலு வாய் சாப்பிட்டாள். கைகளை ஊன்றி உடம்பை அவ்வப்போது எழுப்பிப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தோள் விட்டுப்போயிற்று. இருட்டியதும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தாள்.

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

கனியிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவை வந்ததில்லை. எப்படிக் கேட்பது என்று இப்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

என்னைத் தூக்கிக் கட்டிலில் போட முடியுமா.

பெரிதாக இருந்தது. குறைத்தாள்.

உங்க வீட்டம்மாவை ஒரு நிமிஷம் அனுப்ப முடியுமா.

அதுவும் பெரிதாக இருந்தது.

கொஞ்சம் கை கொடுக்கிறீர்களா.

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். பைக்கை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். பூட்டினார். திரும்பியபோது அவளைப் பார்த்துவிட்டார். மரியாதையாகச் சிரித்தார்.

“அண்ணே.”

“சொல்லுங்கம்மா.”

அவர் உண்மையாகவே காத்து நின்றார்.

“மழ வருமாண்ணே?”

அவர் அண்ணாந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

“வராதும்மா. நீங்க நிம்மதியாப் படுங்க.”

“சரிண்ணே” என்றாள்.