மூலைக் கட்டத்துக்குக் கிடைத்த சொல்

விடுதி உணவு அட்டவணையில் உப்புமாவுக்குக்கூட இடமுண்டு. கிழமைகளும் வேளைகளும் சந்திக்கும் இடது மேல்மூலைக் கட்டத்துக்கு மட்டும் ஒரு சொல்லும் கிடையாது. கணினித் திரையில் அவள் வெறுமையாகவே நின்றாள். ஒரே ஒரு சொல் கிடைத்தால் போதும் என்பதே அவளது ஆசை.

“அடியே, என் தலைமேல் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறாயே!” என்றாள் கீழ்க்கட்டத்துத் திங்கள். “‘கிழமை’ என்று எழுதிக்கொண்டு எங்கள் வீட்டுப் பெண்ணாகிவிடு.”

“அதெப்படி?” என்று பக்கத்துக் கட்டத்திலிருந்து காலை சீறினாள். “எங்கள் வரிசையில் நிற்பவள் ‘வேளை’ என்றுதான் எழுதிக்கொள்வாள். நீ போய் உன் உப்புமாவைக் கவனி, அக்கா.”

பிறந்ததிலிருந்து மூலைக் கட்டத்துக்காக யாரும் சண்டை போட்டதில்லை. பூரித்துப்போனவள், “சண்டை எதற்கு? இரண்டு சொல்லையும் கொடுங்கள்” என்றாள்.

அட்டவணையை வடிவமைத்த விடுதிக் காப்பாளருக்கும் அதே யோசனைதான் தோன்றியது. கட்டத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு இழுத்தார். மேலே ‘வேளை’, கீழே ‘கிழமை’ என்று எறும்பளவு எழுத்தில் தட்டினார்.

அதன்பின் அவள் இரண்டு முக்கோணங்களாகவே வாழ்ந்தாள். ஒன்று காலையோடும் மற்றது திங்களோடும் உறவு கொண்டாடின. தமக்குள் மட்டும் அவை பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை.