பெண்ணுக்கு மூளை உண்டு

“பேரு பெரின் கொல்லே. வயசு இருபத்தாறு. பாரிஸ், மீன்காரத் தெரு. ‘பெண்ணுக்கும் ஓட்டு வேண்டும்’னு ஊரெல்லாம் ஒட்டியிருக்கே, அதை எழுதினது நான்தான்.”

புரட்சிக் குழுத் தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “குடிமகளே, எழுதினவனுக்குச் சிறைன்னு தெரியும்ல? உம் பேருக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கறது ஒரு ஆம்பளைதான். இப்படி வாதம் பண்ண எந்தப் பொம்பளைக்கு மூளை இருக்கு?”

“எனக்கு இருக்கு. சிறைக்கு வரேன். என் எழுத்தை எவனுக்கும் விட்டுத்தர மாட்டேன்.”

“போம்மா, போய் சூப்பைக் கிண்டு.”

அவள் நகரவில்லை. அப்போது மத்யூரின் என்பவர் எழுந்தார்.

“தலைவரே, பொம்பளைன்னா மட்டமா? ரொட்டி கேட்டு ராஜா இருந்த வெர்சாய் அரண்மனைக்கு மழையில நடந்தது யாரு? நாம கதவைச் சாத்திக்கிட்டுல்ல இருந்தோம். நமக்கு இருக்கிற அதே மூளைதான் அவங்களுக்கும். சட்டமும் பேசுவாங்க, சபையும் நடத்துவாங்க.”

பார்வையாளர் மாடத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த பெண்கள் ஊசியை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அவரோ அரைமணி நேரம் விடாமல் பொழிந்தார்.

தலைவரே அசந்துபோனார். “சரிப்பா, எழுதினது இவதான். இவளைக் கூட்டிட்டுப் போங்க. மத்யூரின் கைக்கட்டை அவிழ்த்துவிடுங்க.”

பெண்டாட்டி பெரினின் பெயரில் எழுதியவர் என்று அன்று காலையில்தான் அவரைப் பிடித்திருந்தார்கள். பெண்ணுக்கு அரசியல் மூளையே கிடையாது என்று போன வாரம் இதே மன்றத்தில் முழங்கி, பெரினின் பெண்கள் சங்கத்தைப் பூட்டவைத்தவரும் அவர்தான்.

பெரின் புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிமிர்ந்து நடந்தவள், குறிப்பெடுப்பவர் முன்னால் நின்றாள்.

“ஐயா, இவர் பேசினதையும் அச்சடிச்சு ஒட்டுங்க. நான் எழுதினதைவிட நல்லா இருக்கு.”