பாதி மயில்

மயில் பாதி அகவலிலேயே செத்துப்போனது.

வகுப்பறைக்குள் தனியாக நின்ற கிளாரா டீச்சர் அவசரமாக டேப் ரெக்கார்டரைத் திறந்தாள். நாடா உருளையில் சிக்கி, கேசட்டிலிருந்து குடல் சரிந்த மாதிரி தொங்கியது.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், குரலைக் கேட்டுப் பறவையின் பேர் சொல்ல உட்கார்ந்திருந்தார்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுடன் தலைமையாசிரியை இஞ்ஞாசியம்மாளும், மதுரையிலிருந்து பார்வையிட வந்த சுருளிவேல் சாரும். வேடசந்தூருக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பள்ளிக்கு, படங்களும் பூதக்கண்ணாடியும் பறவைக்குரல் கேசட்டும் அடங்கிய இயற்கைக் கல்விப் பெட்டியைக் கொடுத்தது அவருடைய அலுவலகம்தான். சரியாக வைத்துக்கொள்ளாவிட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அன்று காலையில்தான் பக்கத்து ஊர்ப் பள்ளியின் பெட்டி அவர் ஜீப்பில் ஏறியிருந்தது.

“என்னம்மா கிளாரா, நின்னுபோச்சு? சார் காத்திருக்காகள்ல,” என்று இஞ்ஞாசியம்மாள் குரல் கொடுத்தார்.

கிளாரா கைகளை வாயருகே குவித்தாள். மீதி மயிலை அவளே அகவி முடித்தாள்.

“மயிலு சார்,” என்றார்கள் பிள்ளைகள் ஒன்றாக.

ஜூன் மாதத்திலிருந்து தினமும் போட்ட கேசட். எல்லாப் பறவையும் வரிசையாக அவள் தொண்டையில் இருந்தது. கௌதாரியாகக் கத்தினாள். “கௌதாரி சார்.” செம்போத்தாக ‘ஊப் ஊப்’ என்றாள். வேலிக்கருவைக்குள்ளிருந்து நிஜச் செம்போத்து ஒன்று பதில் சொன்னது.

“ரெண்டு இருக்கு சார்,” என்றாள் முன்வரிசையில் இருந்த மணிமேகலை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிளாராவுக்குப் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. மரத்துக்கு மரம் தாவுகிற மாதிரி இருந்தது.

கேசட்டில் ஒவ்வொரு பறவைக்கு முன்னாலும் லேசாக ஒரு செருமல் கேட்கும். பதிவில் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தாள். வந்த வேகத்தில் அதையும் விடாமல் செருமிவிட்டுத்தான் ஆள்காட்டிக் குருவியை ஆரம்பித்தாள்.

சுருளிவேல் சட்டென்று எழுந்தார். நேராக ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

கன்னம் உப்பி, கண் பிதுங்கி நின்றவளிடமிருந்து ஆள்காட்டி பாதியில் பறந்துபோனது.

“டேப்பு இப்பத்தான் சார் மாட்டிக்கிருச்சு,” என்றாள் அழாத குறையாக. “இதக் கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளைக குருவி பின்னாலயே திரியுதுக. பெட்டிய மட்டும் எடுத்துட்டுப் போயிராதீக சார்.”

அவர் கம்பிக்கு இடையே கைநீட்டிக் கேசட்டை வாங்கினார். பேனாவை அதன் பல்லில் செருகி, நாடாவை மெதுவாகச் சுற்றினார்.

“எதுவும் கோளாறா சார்?” என்று மரத்தடியிலிருந்து கேட்டார் இஞ்ஞாசியம்மாள்.

“ஒண்ணுமில்லம்மா. அருமையா வச்சிருக்காக. பெட்டி இங்கயே இருக்கட்டும்.”

பிறகு கம்பியோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, கிளாராவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“மயிலு எனக்கே இம்புட்டு நல்லா வரல டீச்சர். இந்தக் கேசட்டுல கூவுனது பூராம் நான்தான்.”