மோடம் இல்லை

1999, காரைக்குடி. “வாப்பா, நான் ஒத்தையாத்தான் இருக்கேன்” என்று நண்பன் கிறிஸ்டியை உள்ளே அழைத்தான் செல்வின்.

செல்வின் பைத்தான் மொழியில் எழுதிய நிரலுக்கான சோதனைகள் கணினியில் ஓடி முடிந்தன. பிழையே இல்லை, ஒரு சோதனையை மட்டும் கணினி ஓட்டாமலே தாண்டியிருந்தது.

“அது என்ன?”

“மோடம் சோதனை. போன் வழியா இன்டர்நெட் புடிக்கிற அந்த மோடம் இல்லாட்டித் தாண்டிப் போயிரும்.”

கிறிஸ்டி மேசைக்கடியில் குனிந்தான். “இந்தா கெடக்கே.”

“ரிப்பேரு. இருந்தும் இல்லாத மாதிரிதான்.”

“அது தப்புப்பா. இல்லாததைத் தாண்டலாம். இருக்குறது கெட்டுப்போச்சுன்னா, கெட்டுப்போச்சுன்னு காட்டணும். அப்பத்தானே சரிபண்ணத் தோணும்?”

செல்வின் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுப்படியிலிருந்து செல்வினின் மனைவி ஜெரினா வந்து, இரண்டு டம்ளர் காபியை வைத்தாள். செல்வின் பக்கமே பாராமல் கிறிஸ்டியிடம் சொன்னாள்:

“அண்ணே, அவுகளுக்குச் சீனி போடல. சொல்லிருங்க.”