விட்டுப்போன சனிக்கிழமை

"நன்றி ஆராதனை அன்னிக்குக்கூடவா கோயில் இப்படிக் கெடக்கணும்?"

ஷர்மிளாவின் குரலில் கம்பெனி அதட்டல் அப்படியே இருந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு அவள் மேனேஜராகி ஒரு மாதம் ஆகிறது. தையல் மிஷினில் உட்கார்ந்தவள் மேனேஜர் நாற்காலிக்கு வருவதென்றால் சும்மாவா? ஆண்டவருக்கு நன்றி சொல்ல இந்த ஞாயிறு ஆராதனையைக் கேட்டு வாங்கியிருந்தாள். முன்வரிசையில் தனக்கென்று ஒரு குஷன் நாற்காலியையும் கேட்டு வாங்கியிருந்தாள்.

அந்த நாற்காலியைச் சுற்றித்தான் புழுதியும் புறா எச்சமும். புதுப் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சனிக்கிழம காலைல கூட்டறவங்க நேத்து வரல மேடம்," என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் தேவசகாயம். "முத்துமாரின்னு, உங்க கம்பெனிதான்."

முத்துமாரியா? ஒரு காலத்தில் ஷர்மிளாவுக்குப் பக்கத்து மிஷின். இரண்டு பேரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

மேனேஜரான கையோடு ஷர்மிளா போட்ட முதல் உத்தரவு, எட்டரைக்கு கேட்டை மூட வேண்டும் என்பது. சனிக்கிழமையானால் முத்துமாரி பத்து நிமிஷம் லேட். நேற்றைக்கு முந்தின சனிக்கிழமை எல்லார் முன்னாலும் அவளை நிற்கவைத்து ஏன் லேட் என்று மூன்று தடவை கேட்டாள். முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. பழைய சிநேகிதி என்கிற திமிர் என்றுதான் ஷர்மிளாவுக்குத் தோன்றியது. இன்னொரு தடவை லேட்டானால் வேலை கிடையாது என்று மெமோ கொடுத்தாள்.

நேற்று முத்துமாரி எட்டேகாலுக்கே வந்துவிட்டாள். தன் கண்டிப்புக்குப் பலன் இருக்கிறது என்று ஷர்மிளாவுக்கு ஒரே பெருமை.

"அவ மாரியம்மன் கோயிலுக்குப் போறவ. அவளுக்கு இங்க இன்னா வேல?"

தேவசகாயம் கொஞ்சம் தயங்கினார். பிறகு அலமாரியிலிருந்து பொருத்தனை நோட்டை எடுத்து வந்தார். வேண்டியது கிடைத்தால் கோயிலுக்கு என்ன செய்வோம் என்று அவரவர் கையால் எழுதி வைக்கிற நோட்டு அது. எட்டு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தை விரித்துக் காட்டினார்.

'ஆண்டவரே, என்னை சூப்பர்வைசர் ஆக்கினால், அதற்குமேல் எவ்வளவு உயர்ந்தாலும், சனிக்கிழமைதோறும் உம்முடைய ஆலயத்தை என் கையால் கூட்டுவேன். ஷர்மிளா.'

அவள் கையெழுத்தேதான். எழுதும்போது பேனாவைத் தேடிக் கொடுத்தவள் முத்துமாரி.

கேட்டது கிடைத்தது. மூன்று வாரம் வந்து கூட்டினாள். அப்புறம் ஆடிட் வந்தது, மீட்டிங் வந்தது. அப்படி ஒன்று எழுதியதே சுத்தமாக மறந்துபோனது.

"நீங்க நிறுத்தின அடுத்த வாரமே அவங்க வந்துட்டாங்க. 'சாமிகிட்ட குடுத்த வாக்கு, அவளுக்குக் குத்தமாயிடக் கூடாது'ன்னாங்க. உங்களுக்குத் தெரிய வேணாம்னும் கேட்டுக்கிட்டாங்க," என்றார் தேவசகாயம்.

ஷர்மிளா பிடித்திருந்த புடவைக் கொசுவம் புழுதியில் விழுந்தது. அன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும் தலைகுனிந்து நின்ற முகம் நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலைகுனிய வேண்டியவள் ஷர்மிளாதான். அதனால்தான் முத்துமாரி வாயைத் திறக்கவில்லை.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. துடைப்பத்தோடு மூச்சிரைக்க முத்துமாரி உள்ளே வந்தாள். ஷர்மிளாவைப் பார்த்ததும் தவறு செய்து மாட்டிக்கொண்டவளாக அப்படியே நின்றுவிட்டாள்.

"மன்னிச்சிக்கோங்க மேடம். கேட் மூடிடுவாங்களோன்னு பயந்து, நேத்து உங்க ஒரு வாரத்த விட்டுட்டேன்."